உரிமைக் கடிதம் முதலில், உண்டியல் பிறகு
வாசகர் கேள்வி – பதில்: சிறுவர் இசை நாடகத்துக்கு நிதி திரட்டுதல்

பிள்ளைகள் புத்தகம் ஒன்றை இசை நாடகமாக்கிக் குடும்பத்தோடு வந்து பார்க்கும்படி மேடையேற்ற வேண்டும், பணத்துக்கு என்ன வழி என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். தொகைகளெல்லாம் மாதிரிக் கணக்குகள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பிடித்த ஒரு தமிழ்ச் சிறுவர் நாவலை இசை நாடகமாக்கப் போகிறோம். எழுத்தாளரின் குடும்பத்தார் ‘தாராளமாகப் பண்ணுங்கள்’ என்று போனில் சொல்லிவிட்டார்கள். நிதி திரட்ட ஆரம்பிக்கலாமா? – திருச்சி வாசகர்

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். போனில் சொன்னது அன்பு. சட்டத்துக்கு எழுத்து வேண்டும். கதையை நாடகமாக மாற்றுவதே தனி உரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குத் ‘தழுவல்’ என்று பெயர். எழுத்தாளர் மறைந்த மறு ஆண்டு ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை வாரிசுகளிடமோ, அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தால் பதிப்பாளரிடமோ இருக்கும். 1965-இல் காலமானவரின் நூல் 2025 டிசம்பர் 31 வரை காப்பில் இருந்தது; 2026 பிறந்ததும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். (முன்பு 50 ஆண்டாக இருந்த காலம். தாகூரின் படைப்புகளுக்குக் காப்பு முடியப்போன சமயத்தில், 1992-இல் பத்து ஆண்டைக் கூட்டினார்கள்.) பாரதியார், கல்கி போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்துக்கு இந்தக் கவலை கிடையாது.

கடிதம் வாங்கும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தெந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அது பரவாயில்லை. ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், கடிதத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை, அனுமதியே காலாவதியாகிவிடும் என்பதுதான் வம்பு. பணம் சேர்க்கப் பதினான்கு மாதம் ஆகி, அரங்கத்துக்கும் முன்பணம் கட்டிய பிறகு அந்தக் கடிதம் வெறும் தாளாக இருந்தால் எப்படி? ‘முதல் காட்சி நடத்த 24 மாத அவகாசம் உண்டு, அதுவரை ஓராண்டு விதி பொருந்தாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கூடவே நான்கு விஷயம் கடிதத்தில் இருக்கட்டும்: எத்தனை காட்சி, எந்த மொழி, யூடியூபில் போடலாமா கூடாதா, உரிமைத்தொகை எவ்வளவு. தொகையைச் சீட்டு வசூலில் இத்தனை விழுக்காடு என்று பேசினால், ‘வசூல்’ என்பது முன்பதிவு தளத்தின் கமிஷனுக்கு முன்பா பின்பா என்று தெளிவாக எழுதுங்கள். பிற்பாடு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லால்தான்.

இன்னொன்று, படங்கள். புத்தகத்திலுள்ள ஓவியங்களின் உரிமை பெரும்பாலும் ஓவியரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கும். ஓவியத்திலுள்ள முயலைப் பார்த்து அச்சாக அதே முயல் முகமூடி செய்து, அதையே போஸ்டரிலும் போட்டு நிதி கேட்டால், எழுத்தாளர் குடும்பத்தின் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

வெளிநாட்டுப் பழைய கதை என்றால் அனுமதி வேண்டாம்தானே? – சென்னை வாசகி

மூலத்துக்கு வேண்டாம். ‘ஜங்கிள் புக்’ எழுதிய கிப்ளிங் 1936-இல் காலமானவர், அவருடைய காட்டுக் கதைகள் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. ஆனால் அதைத் தமிழில் பெயர்த்தவருக்குத் தன் மொழிபெயர்ப்பில் தனி உரிமை இருக்கிறது. சினிமாவில் வந்த பாட்டும், சினிமாவுக்காகச் சேர்த்த காட்சியும் அந்தப் படக் கம்பெனியுடையவை. ஆங்கில மூலத்திலிருந்து நீங்களே நேரடியாக எழுதிக்கொண்டால் தொல்லை இல்லை.

14 நடிகர்கள், 8 பாட்டு, 75 நிமிட நாடகம். மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு வெளியில் திரட்ட வேண்டும்? – கோவை நாடகக் குழு

400 இருக்கை அரங்கு, சனி மாலை ஒன்று, ஞாயிறு இரண்டு என மூன்று காட்சி, வெள்ளியன்று டெக்னிக்கல் ரிகர்சல். இப்படி வைத்துக்கொண்டு, நடிகர்களுக்குச் சம்பளம் இல்லாத அமெச்சூர் குழுவுக்குக் கணக்குப் போடுவோம்.

அரங்கம் மூன்று நாள், நாளுக்கு 35,000 வீதம் ரூ. 1,05,000. இசையமைப்பு, வாத்தியக்காரர்கள், பதிவு எல்லாம் சேர்த்து 90,000. ஒலி 70,000, ஒளி 45,000. செட்டும் மேடைப் பொருள்களும் 65,000. உடை, ஒப்பனை 55,000. போஸ்டரும் விளம்பரமும் 30,000, வண்டி வாடகை 20,000, உரிமைத்தொகை 15,000. ஒத்திகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: 22 பேர், 35 நாள், ஆளுக்கு டீயும் வடையும் 40 ரூபாய் என்றாலே 30,800 ஆகிறது, இடத்துக்கு வாடகை கொடுத்தால் 50,000-ஐத் தொடும். இதுவரை 5,45,000. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு, 55,000. ஆக 6 லட்சம்.

இப்போது வரவு. மூன்று காட்சிக்கு 1,200 இருக்கை. காட்சிக்கு 30 வீதம் ஸ்பான்சர், உரிமைதாரர், ஒலிக்காரர் மேஜை என்று 90 போய்விடும். மீதி 1,110. அதில் 60 விழுக்காடு விற்கும் என்று மட்டும் நம்புங்கள்: 666 சீட்டு. தலைக்கு 300 என்றால் 1,99,800. முன்பதிவு தளத்துக்கு ஒரு பங்கு போக 1,80,000 கைக்கு வரும். ஆக நீங்கள் திரட்ட வேண்டியது 4,20,000. ‘ஹவுஸ்ஃபுல் ஆனால்’ என்று ஆரம்பிக்கும் பட்ஜெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

அந்த 4,20,000-ஐ ஒரே இடத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஸ்பான்சர்கள் 1,50,000, பொதுமக்களிடம் இணையத்தில் 1,20,000, நாடகத்தன்று கொடுக்கும் விழா மலரின் விளம்பரத்தில் அச்சுச் செலவு போக ஒரு லட்சம், பள்ளிக் காட்சிகளில் 50,000 என்று பிரித்தால் ஒன்று சொதப்பினாலும் மற்றது தாங்கும்.

பள்ளிக் காட்சியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிள்ளைகளை உங்கள் அரங்குக்கு வரவழைத்தால் கூடுதலாக ஒரு நாள் வாடகை 35,000. தலைக்கு 100 ரூபாய், 400 பிள்ளைகள் என்றால் 40,000 வரும், மிஞ்சுவது ஐயாயிரம். அதே நாடகத்தைச் செட்டைக் குறைத்துக்கொண்டு பள்ளியின் மண்டபத்துக்கே எடுத்துப் போய் 40,000 பேசினால், வேன், சிறிய ஒலி அமைப்பு, சாப்பாட்டுக்கு 15,000 போக 25,000 நிற்கும். இரண்டு பள்ளி போதும். செப்டம்பர் காலாண்டுத் தேர்வையும் டிசம்பர் அரையாண்டையும் விட்டு ஜூலை, ஆகஸ்டில் கேளுங்கள்.

எதில் கைவைக்கலாம் என்றால் செட்டில் வைக்கலாம். இரண்டு மடக்குத் தட்டியும் நல்ல ஒளியும் காட்டைக் காட்டிவிடும். ஒலியில் மட்டும் கைவைக்காதீர்கள். பாட்டு புரியாவிட்டால் ஆறு வயதுக் குழந்தை பத்தாவது நிமிடத்தில் ‘அம்மா, போலாம்’ என்னும். 14 பேருக்கு 14 ஹெட்செட் மைக் வாடகைக்கு எடுக்க முடியாதுதான். எட்டு போதும், யாருடைய மைக் எந்தக் காட்சிக்குப் பின் யாருக்கு மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டி, மாற்றிவிட ஓர் ஆளை நிறுத்தினால். கன்னத்தில் ஒட்டும் டேப் வியர்வையில் கழன்றுவிடும். ஒப்பனை போடும் முன்பே ஒட்ட வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் புது பேட்டரி போடுங்கள், மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

சீட்டு விலை எவ்வளவு வைக்கலாம்? – ஈரோடு வாசகர்

குடும்ப நாடகத்துக்கு ஒருவர் தனியாக வருவதில்லை, நால்வராக வருகிறார்கள். உங்கள் விலை 300 ஆக இருக்கலாம். அப்பாவின் மனதில் ஓடுவது 1,200-ம் ஆட்டோவும் ஐஸ்கிரீமும். நான்கு பேருக்கு 1,000 என்று ஒரு குடும்பச் சீட்டு போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் சராசரி 300-க்குக் கீழே போகும் என்பதால், முன்வரிசை 400, மற்றவை 300 என்று ஈடுகட்டுங்கள். நாடகத்துக்குத் தலைக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுச் சீட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கணக்கு தலைக்குத்தான் என்பதால் குடும்பச் சீட்டிலும் ‘4 × 250’ என்று அச்சிடுங்கள். உள்ளாட்சியின் கேளிக்கை வரி வேறு விவகாரம், சீட்டு அச்சடிக்கும் முன்பே மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மடியில் உட்காரும் குழந்தைக்கு இலவசம் என்றால் எத்தனை வயது வரை என்று சீட்டிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளைகளெல்லாம் வாசலில் மூன்று வயதாகிவிடுவார்கள்.

சினிமாப் பாட்டு மெட்டில் எங்கள் வரிகளைப் போட்டுக்கொள்ளலாமா? செலவு மிச்சமாகுமே. – மதுரை வாசகர்

மிச்சமாகாது. மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை; வரியை மாற்றுவதற்கோ தனியாக அனுமதி வேண்டும். உள்ளூரில் நல்ல கீபோர்டு வாசிப்பவர் ஒருவரிடம் எட்டுப் பாட்டுக்குப் பேசி, நாடகத்துக்கும் அதன் வீடியோவுக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்குங்கள். எழுதி வாங்காவிட்டால் நீங்கள் காசு கொடுத்துச் செய்யச்சொன்ன மெட்டும் அவருடையதாகவே இருக்கும்.

இணையத்தில் நிதி திரட்டும் பக்கம் தொடங்கிவிட்டோம். முதல் வாரம் 6,000 ரூபாய்தான் வந்தது. எங்கே தப்பு? – சேலம் நாடகக் குழு

பக்கத்தைத் திறந்துவிட்டு முன்பின் தெரியாதவர்களுக்காகக் காத்திருந்தது. தெரியாதவர்கள், ஏற்கெனவே ஓரளவு சேர்ந்த பக்கத்துக்குத்தான் காசு போடுவார்கள். இலக்கில் மூன்றில் ஒரு பங்காவது தெரிந்தவர்களிடம் வாய்வார்த்தையாகப் பேசி வைத்த பிறகே பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பணம் முதல் மூன்று நாளில் விழ வேண்டும்.

கணக்கு இப்படி: குழுவில் 22 பேர். ஒவ்வொருவரும் 25 வீட்டின் பெயரை எழுதினால் 550 வீடு. ஆறில் ஒரு வீடு கொடுக்கும் என்று வைத்தால் 92. வீட்டுக்குச் சராசரி 1,500 என்றால் ரூ. 1,38,000. தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாமாகப் பத்து விழுக்காடு போகும் என்று வைத்துக்கொண்டால் கைக்கு 1,24,000. பட்டியல் எழுதாத குழுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவது கேட்பதாகாது. பெயர் சொல்லி ஒருவருக்கு ஒரு செய்தி, இரண்டு நாள் கழித்து ஒரு போன். கூச்சமாகத்தான் இருக்கும்.

எதற்குப் பணம் என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘கலையை வளர்க்க உதவுங்கள்’ என்பதற்கு யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. ‘2,500 ரூபாய்: கரடியின் உடை’, ‘600 ரூபாய்: ஒரு காட்சிக்கான பேட்டரி’, ‘1,200 ரூபாய்: அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேருக்கு இருக்கை’ என்று உடைத்துப் போடுங்கள். கரடியின் தலை பாதி தைத்த நிலையில் தையல் மெஷின் மேல் இருக்கும் ஒரு படம், பத்து வரி விளக்கத்தைவிட நன்றாகக் கேட்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இருக்கைதான் பெரும்பாலும் முதலில் தீரும்.

கொடுத்தவர்களுக்குப் பதில் மரியாதையாக டி-ஷர்ட் அறிவிக்காதீர்கள். அளவு, அச்சு, கூரியர் என்று 500 ரூபாய் கொடுத்தவருக்கு 350 செலவாகும். மலரில் பெயர், ஒத்திகை பார்க்க அழைப்பு, நாடகம் முடிந்ததும் மேடையில் கரடியோடு ஒரு படம்: இவற்றுக்குச் செலவே இல்லை, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்றாவதுக்குத்தான் மதிப்பு. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இலக்கு எட்டாவிட்டாலும் சேர்ந்தது கிடைக்குமா, முழுவதும் திரும்பிப் போய்விடுமா என்று முதலில் பாருங்கள்.

பணம் யார் கணக்கில் விழுகிறது என்பது அதைவிட முக்கியம். ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு நான்கு லட்சம் வந்தால், வருமான வரித்துறைக்கு அது அவருடைய வருமானமாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். சங்கத்தின் பெயரில் பான் எண்ணும், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கும் இருக்கட்டும்.

சொந்த ஊர்க் குழுவுக்கு இங்கிருந்து பணம் அனுப்ப நினைக்கிறேன். சிங்கப்பூர் குடியுரிமை பெற்று 12 ஆண்டாகிறது. நேரே அனுப்பலாமா? – சிங்கப்பூர் வாசகர்

அனுப்பாதீர்கள், அவர்களை மாட்டிவிடுவீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுப்பது, அவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருந்தாலும், இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. பதிவுள்ள அமைப்பும்கூட முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையிலுள்ள தனிக் கணக்கில்தான் வாங்க முடியும். இந்திய பாஸ்போர்ட்டுடன் அங்கே வேலை பார்க்கும் உங்கள் நண்பர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரது பாஸ்போர்ட் நகலைக் குழு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் இணையப் பக்கத்தில் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் வசதி தானாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடிவிடுங்கள்.

ஒரு நிறுவனம் ‘சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் தருகிறோம், மேடையில் எங்கள் பேனர் வேண்டும், 80ஜி ரசீதும் வேண்டும்’ என்கிறது. – தஞ்சாவூர் வாசகி

மூன்றும் ஒன்றாக நடக்காது. தங்கள் பொருளுக்கு விளம்பரம் கிடைக்கும்படி செய்யும் ஸ்பான்சரை சிஎஸ்ஆர் விதிகள் ஏற்பதில்லை. பேனர் வேண்டுமென்றால் அது விளம்பரச் செலவு. அவர்களுடைய மார்க்கெட்டிங் பிரிவில் கேளுங்கள். பெரும்பாலும் முடிவும் அங்கே சீக்கிரம் வரும். சிஎஸ்ஆர் என்றால் உங்கள் அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். ‘அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காட்சி’ போன்ற நோக்கமாக எழுதிக் கொடுத்தால் பேச்சு நகரும்.

80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை, அதற்கான அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் பேச்சில் பழைய பெயர்தான்.) சீட்டு வாங்கிய பணத்துக்கும் விளம்பரத்துக்கும் கிடையாது. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கும் பயன் இல்லை. அங்கீகாரம் கைக்கு வரும் முன் நோட்டீசில் ‘80ஜி உண்டு’ என்று போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஸ்பான்சர் பணம் பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்து 30, 45 நாள் கழித்து, டிடிஎஸ் (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) போகத்தான் வரும். ஒலிக்காரருக்கோ அன்று இரவே கொடுக்க வேண்டும். பாதித் தொகை முன்பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதாத ஸ்பான்சரை வரவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அரசு வழியும் இப்படித்தான். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள், கிடைத்தால் அடுத்த நாடகத்துக்கு ஆகும் என்ற எண்ணத்தோடு.

மலர் போடுவது இன்னும் லாபமா? – கும்பகோணம் வாசகர்

கடைத்தெரு உள்ள ஊரில் லாபம்தான். பின்னட்டை 20,000, உள்ளட்டை இரண்டும் 24,000, முழுப்பக்கம் 5,000 வீதம் பத்து, அரைப்பக்கம் 3,000 வீதம் பத்து: மொத்தம் 1,24,000. உள்ளே 24 பக்கம், 500 பிரதி, அச்சுக்கு 24,000 என்று வையுங்கள். விளம்பரம் 15 பக்கம் போக, பாட்டு வரிகளுக்கும் கொடையாளர் பெயர்களுக்கும் ஒன்பது பக்கம் இருக்கும். நடுவில் பின் அடிக்கும் மலரில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும். 25-ஆவது பக்கத்துக்கு ஒரு விளம்பரம் பிடித்தால் 28 பக்கம் அடிக்க வேண்டும்; மூன்று பக்கம் காலி.

மலரைக் கவிழ்ப்பது வாய்ச்சொல். ‘போட்டுக்கோ தம்பி, அப்புறம் வாங்கிக்கோ’ என்னும் கடைக்காரரிடம் மலர் வந்த பிறகு வசூலிக்க ஆறு நடை நடக்க வேண்டும். அச்சுக்குப் போகப் பத்து நாள் முன்பு கெடு; பணமும் வாசகமும் வராத பக்கம் அடுத்தவருக்கு. பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்கு ஒரு பக்கம் விட்டு, அதன் அடியில் விளம்பரம் கொடுத்தால் அதற்குக் கூடுதலாக ஆயிரம் கேட்கலாம். அந்தப் பக்கம் வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படும் என்பது துணிக்கடைக்காரருக்கும் தெரியும்.

பள்ளி மாணவர்களே நடிக்கிறார்கள். கட்டட நிதிக்காகச் சீட்டு விற்கிறோம். பள்ளி நாடகத்துக்கு உரிமை தேவையில்லை என்கிறார்களே? – திருநெல்வேலி ஆசிரியை

பள்ளிச் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தி, பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்த்தால் சட்டம் விலக்குத் தருகிறது. ஊர் மக்களுக்குச் சீட்டு விற்றால் அந்த விலக்கு போயிற்று. அமெச்சூர் மன்றங்களுக்கான விலக்கும், காசு கொடுக்காத பார்வையாளர் முன்னால் நடித்தால்தான் (மத நிறுவனத்துக்காக நடத்துவது மட்டும் விதிவிலக்கு). கட்டட நிதிக்கு என்றால் கடிதம் வாங்கிவிடுங்கள்.

பள்ளிக்கு வெளியே வணிகமாக நடக்கும் நாடகத்தில் பிள்ளைகளை நடிக்க வைப்பவர்களுக்கு: 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது, ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், சம்பளத்தில் 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகை. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சி போடுபவர்கள் அந்த ஐந்து மணி நேரத்தை ஒப்பனையிலிருந்து எண்ணிப் பார்க்கட்டும்.

நாடகத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. 4 லட்சத்தில் 2 லட்சம்தான் சேர்ந்திருக்கிறது. கடன் வாங்கலாமா? – புதுச்சேரி நாடகக் குழு

வேண்டாம். சீட்டு வசூலை நம்பி வாங்கிய கடன், மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில் குழுவை உடைக்கும். ஆறு வாரம் இருப்பதால் அரங்கத் தேதியை மாற்ற முடியுமா, முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று நாளைக்கே கேளுங்கள்.

மாற்ற முடியாதென்றால் மூன்று காட்சியை ஒன்றாக்குங்கள். செட் இல்லை, உடையில் தொப்பியும் சால்வையும் மட்டும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்து, எட்டுப் பாட்டையும் நேரடி வாத்தியத்தோடு பாடுங்கள். அரங்கம், ஒலி, இசை, அச்சு எல்லாம் சேர்ந்து 2 லட்சத்துக்குள் அடங்கும். உரிமைக் கடிதத்தில் இப்படி வாசிப்பாக நடத்தவும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடையாளர் ஒவ்வொருவருக்கும் என்ன மாறுகிறது, ஏன் என்று நான்கு வரியில் எழுதி, விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெற ஒரு தேதியும் கொடுங்கள். கேட்டவர்களுக்கு அந்தத் தேதிக்குள் போட்டுவிடுங்கள். ஸ்பான்சரை அந்த வாசிப்புக்கே முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒப்பந்தத் தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும்.